பின் சக்கரத்துல துளி ஆட்டம்

பாவம்னு சொல்லாதீங்க. வேற என்ன வேணா சொல்லுங்க, அவங்களைப் பார்த்துப் பாவம்னு மட்டும் சொல்லாதீங்க. இப்ப பஸ்ஸை ஒட்டிப் போனாங்களே அஞ்சாறு பேரு, தலையில தொப்பியும் முட்டி தெரியற டவுசரும் போட்டுக்கிட்டு, அவங்க யாரும் பஸ்ஸுக்கு வழியில்லாம சைக்கிள் மிதிக்கலீங்க. ஆசைக்கு மிதிக்கறாங்க. இந்த வெயில்ல, எதிர்காத்துல, ஆசைக்கு! எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? எங்கூட்டுலயே ஒண்ணு இருக்குதுங்க.

மகன் இல்லீங்க. மகன் ஓசூர்ல வேலையில இருக்கான், அவன் கார்ல இருந்து கால் கீழ வெக்க மாட்டான். நான் சொல்றது எம்பட சம்சாரத்தை. சாந்தாமணின்னு பேரு, நாப்பத்தொம்பது வயசு. பல்லடத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

நீங்க தாராபுரம்தானே? நானும் அங்கதான், தங்கச்சி வீட்டுக்கு. இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். கேட்டுக்கிட்டு வாங்க, கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

நான் மில்லுல ஃபிட்டருங்க. முப்பத்தோரு வருச சர்வீஸ். எங்க மில்லுல எந்த மிசின்ல பேரிங் சத்தம் போட்டாலும், "நாச்சிமுத்துவைக் கூப்பிடு"ன்னுதான் சொல்லுவாங்க. காதை வெச்சுக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலை. நீங்க விசயம் தெரிஞ்சுக்கணுமில்ல, அதுக்குச் சொல்றேன்.

அவ காலேஜ்ல படிக்கறப்ப சைக்கிள் ரேஸ்ல ஓடுனவ. தொண்ணூத்தி நாலுல யுனிவர்சிட்டி டீமு. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பாட்டம் கீழ வளைஞ்சிருக்குமே, அந்த மாதிரி வண்டி. சீமையில செஞ்சது. அவங்கப்பா கோயமுத்தூர்ல யாருகிட்டயோ பழசா வாங்கிக் குடுத்திருக்காரு. கல்யாணம் ஆனதுக்கப்புறம் அந்த வண்டி காங்கேயத்துல அவங்க குடோன் செவுத்துலயே தொங்கிட்டுக் கிடந்தது. நானும் போறப்ப வாரப்பப் பார்ப்பேன். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. போன தை மாசம் மச்சான் குடோனை இடிச்சுக் கட்டணும்னு, "அக்கா, வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க"ன்னு சொல்லிட்டான். சரக்கு ஆட்டோவுல வந்து எறங்குச்சுங்க. எறங்குன அன்னைக்கே அவ முகம் வேற மாதிரி ஆயிருச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

நாலு நாள் கழிச்சுச் சோறு போடறப்ப சொல்றா. "ஏனுங்க, ஆனி மாசம் ஒரு ரைடு இருக்குது. பல்லடத்துல பொறப்பட்டு உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் போய்த் திரும்பி வரணும். இரநூறு கிலோமீட்டர். பதிமூணரை மணி நேரம் டைமு. பேரு குடுத்திருக்கேன்."

"குடுக்கலாமான்னு கேக்கறயா, குடுத்துட்டேங்கறயா?"ன்னேன்.

"குடுத்துட்டேனுங்க."

நான் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை, அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. வேற புருசனா இருந்தா சொல்லியிருப்பான். ஊரு என்ன சொல்லும், இந்த வயசுல டவுசர் போட்டுக்கிட்டுப் போறயான்னு கேட்டிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி இருவத்தஞ்சு வருசமாத் தொங்குனது. ஹப்புல கிரீஸ் செத்துப் போயிருக்கும். அதை நான் பார்த்துத் தர்றேன்"னேன். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. "நீங்க பார்த்தா எனக்கு என்ன கவலை"ன்னா. இந்த வார்த்தையையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

சக்கரத்துக்கு நட்டநடுவுல இருக்கறதுதாங்க ஹப்பு. அதுக்குள்ள குறுக்கால ஆக்சில் கம்பி, ரெண்டு பக்கமும் சின்னக் கிண்ணம். கிண்ணத்துல கிரீஸை வெச்சு இரும்புக் குண்டை அடுக்கணும். பின் சக்கரத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஒம்பது குண்டு. அதுக்கு மேல கோன்னு கூம்பாட்டம் ஒரு நட்டு, அதைத் திருகிக் குண்டை அணைச்சுப் புடிச்சு, லாக்நட்டைப் போட்டுப் பூட்டணும். கோன் இறுகிப்போச்சுன்னா சக்கரம் ஓடாது. லூசா விட்டா ஆடும். சமாச்சாரம் இவ்வளவுதான். இதைப் பார்த்துத்தான் முப்பத்தோரு வருசம் பேரிங் பார்த்தவன் முழிச்சேங்க.

கழட்டிப் பார்த்தா பழைய கிரீஸு காஞ்ச புளியாட்டம் ஒட்டிக் கிடக்குது. மண்ணெண்ணெயில ஊற வெச்சு, பழைய பல் தேய்க்கற பிரஸ்ஸுல தேய்ச்சுக் கழுவுனேன். குண்டெல்லாம் சொரசொரன்னு ஆயிருந்தது. புதுக் குண்டு வாங்குனேன். முன் சக்கரம் ஒரே நாள்ல முடிஞ்சது, அது சும்மா சொல்லக் கூடாது, சொன்ன பேச்சுக் கேட்டது. பின் சக்கரம்தான். கிரீஸ் வெச்சு, குண்டடுக்கி, கோனைத் திருகி, மில்லுல இருந்து ஆட்டம் அளக்கற டயல் கேஜ் கொண்டாந்து வெச்சுப் பார்த்து, துளி ஆட்டம் இல்லாமப் பூட்டுனேன். கையில புடிச்சுச் சுத்துனா பட்டாட்டம் சுத்துது. வண்டியில மாட்டி, பக்கத்துல ஒரு லீவர் இருக்கும், அதை அழுத்திப் பூட்டுனா, அதே சக்கரம் கரகரங்குது! நாலு சுத்து சுத்திட்டு நின்னு போகுது. கழட்டி வெளிய எடுத்தா மறுபடி பட்டு. மாட்டுனா கரகர. பேய் புடிச்சாப்பல.

கிரீஸ்ல கோளாறுன்னு நெனச்சேன். மாத்துனேன். குண்டுல கோளாறுன்னு மறுபடி வாங்குனேன். கோன் தேஞ்சிருக்குன்னு கோயமுத்தூருக்கு அலைஞ்சேன். மாசி போச்சு, பங்குனி போச்சு. ஏழு தடவைங்க, ஏழு தடவை கழட்டி மாட்டியிருக்கேன். எங்கூட்டு எவர்சில்வர் தட்டு ரெண்டுல குண்டும் மண்ணெண்ணெயுமாக் கிடக்கும். வண்டி ஒத்தைச் சக்கரத்தோட செவுத்துல சாஞ்சு கெடக்கும்.

அவ என்ன பண்ணுனா? பக்கத்து வீட்டுப் புள்ளையோட லேடீஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கிட்டா. முன்னாடி கூடை, பின்னாடி கேரியர். அதுல ஏறி விடியால அஞ்சு மணிக்கு பொங்கலூர் வரைக்கும் போயிட்டு வருவா. அப்புறம் மூணரைக்கே கிளம்பிக் காங்கேயம் வரைக்கும். கூடை வெச்ச வண்டியில காங்கேயம் போய்த் திரும்பி வந்து, குளிச்சுட்டு, சோறாக்கி வெச்சுட்டுப் பள்ளிக்கூடம் போவா. எங்க மில்லுல ஒருத்தன் கேக்கறான், "நாச்சிமுத்தண்ணா, அக்கா காய் வாங்க அவ்வளவு தூரம் போகுதா?"ன்னு. எனக்கு எப்படி இருக்கும்?

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நின்னு கேப்பா. "ஆச்சுங்களா?"

"ஆகும்."

"கொஞ்சம் கரகரன்னு இருந்தாலும் பரவாயில்லீங்க. ஓட்டிப் பழகிக்கறேன். அந்த வண்டியில உக்காந்து முதுகு பழகணுமில்ல?"

"அரைகுறையா வேலை செஞ்சு குடுக்கறவன் நான் இல்லை சாந்தா. நடுரோட்டுல சக்கரம் கடிச்சு நின்னா என்ன ஆகும்? லாரி போற ரோடு."

"சரிங்க"ன்னுட்டுப் போயிருவா. சத்தம் போட மாட்டா. ஒரு நாளும் மூஞ்சியைத் தூக்கி வெக்க மாட்டா. அதுலதாங்க எனக்கு ஆத்திரமே வரும். சண்டை போட்டாலாவது நானும் நாலு வார்த்தை பேசலாம்.

வைகாசியில ஒரு நாள் பகல் சிப்டு முடிஞ்சு வர்றேன். வண்டி ரெண்டு சக்கரத்தோட நிக்குது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விட்டேன். சுத்துதுங்க, சுத்துது, நிக்கவே மாட்டேங்குது. நான் போய்ச் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வந்து பார்க்கறேன், அப்பவும் சுத்திட்டிருக்குது.

"யாரு பார்த்தது?"

"கமருதீன் கடையில குடுத்தேனுங்க. அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாரு."

அரை மணி நேரம்! நான் நாலு மாசம் மண்ணெண்ணெயில கையை ஊறப் போட்டவன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைக்கிள் கடைங்க அது, ஆள் முப்பத்தஞ்சு வயசுதான் இருப்பான். அரை மணி நேரத்துல முடிச்சுட்டானாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? கேட்டிருந்தா நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேனே. குடுத்திருக்க மாட்டேன்னு வெச்சுக்கங்க, ஆனாலும் கேக்கோணுமில்ல?

அப்படியே நடந்து போனேன் அந்தக் கடைக்கு. அவன் மருவாதையான ஆளுதான். "வாங்கண்ணா, டீச்சர் வீட்டு அண்ணாதானே?"ன்னு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான். எனக்கு உக்காரத் தோணலை.

"ஹப்பை லூசா வெச்சு அனுப்பியிருக்கயே, ஆக்சில் ஆடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஆடாதுண்ணா. வெளிய எடுத்து வெச்சாத்தான் துளி ஆடும். அந்த மாதிரி வண்டியில ஆக்சில் உள்ள ஓட்டையா இருக்குமில்ல? லீவரைப் பூட்டுனா ஆக்சில் ஒரு மயிரளவு அமுங்கும். கோன் ரெண்டும் உள்ள நெருங்கும். அதனால முன்னாடியே துளி ஆட்டம் விட்டு வெக்கணும். பூட்டுனதும் அந்த ஆட்டம் போயிரும். நீங்க ஆட்டமே இல்லாம வெச்சிருந்தீங்க, அதான் கடிச்சது. வேலை ரொம்பச் சுத்தமாத்தான் இருந்ததுண்ணா, நான் குண்டைக் கூட மாத்தலை."

கடையில ரெண்டு பேரு நிக்கறாங்க. கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. நான், "ஆக்சில் அமுங்குமாமா, இரும்பு அமுங்குமாமா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் மூணே வாரம் அவ அந்த வண்டியில பழகுனா. நான் வண்டிப் பக்கமே போகலை. எனக்கும் ரோசம் இருக்குமில்லீங்க?

ரைடு அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டாங்க. நாப்பது அம்பது பேரு. பொம்பளைங்க நாலே பேரு, அதுல இவதான் மூத்தவ. நான் வழியனுப்பி வெச்சுட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சேன். இருப்புக் கொள்ளலை. சாயங்காலம் ஆறரைக்குள்ள திரும்பணும். வழியில என்னமோ ஆச்சுன்னா? அந்த ஹப்பு எங்கயாச்சும் லூசாகிப் போச்சுன்னா? சட்டையை மாட்டிக்கிட்டு, கோன் திருகற மெல்லிசு ஸ்பேனர் ரெண்டையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். உடுமலையில மாறி, பழனியில மாறி, ஒட்டன்சத்திரத்துல போய் எறங்கறேன். அங்கதான் திரும்பற இடம். ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல மேசை போட்டு, வந்து சேர்ந்ததுக்கு அட்டையில சீல் வெச்சுக் குடுத்துட்டு, தண்ணியும் தயிர்சாதமும் குடுத்துட்டிருந்தாங்க.

பத்தே முக்காலுக்கு வந்தா. நான் நெனச்சதை விட ஒரு மணி நேரம் முந்தி. வேர்த்து ஊத்துது, முகமெல்லாம் செவந்து கெடக்குது, ஆனா சிரிச்சுக்கிட்டு வர்றா. நாலஞ்சு சின்னப் பசங்களோட பேசிக்கிட்டே வர்றா. அந்த மாதிரிச் சிரிச்சு நான் பார்த்ததில்லைன்னு சொல்ல மாட்டேன். பார்த்து நாளாச்சு. என்னைப் பார்த்ததும், "அட, நீங்களா! எப்படி வந்தீங்க?"ன்னா.

"பஸ்ல."

"இத்தனை தூரமா?"ன்னா. அதுக்குள்ள ஒருத்தன் அவ வண்டியைத் தூக்கிப் பின் சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டு, "டீச்சர், பழைய வண்டி என்ன ஓட்டம் ஓடுது! யாரு உங்களுக்கு ஓவராயில் பண்ணிக் குடுத்தது?"ன்னு கேக்கறான்.

"கமருதீன்னு எங்க ஊர்ல ஒருத்தர்"ன்னு சொல்லிட்டு அட்டையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

நான் பக்கத்துலதான் நிக்கறேன். குண்டு வாங்குனது யாரு? கிரீஸ் வெச்சது யாரு? ஏழு தடவை கழுவுனது யாரு? கமருதீனே குண்டை மாத்தலைன்னு சொன்னானே!

வண்டியைக் காம்பவுண்டு செவுத்துல சாச்சு வெச்சிருந்தா. நான் லீவரைத் திறந்து சக்கரத்தை எடுத்தேன். அவன் விட்டிருந்த ஆட்டம் கையில தெரிஞ்சது. லாக்நட்டை லூஸ் பண்ணி, கோனை அரைக்கால் சுத்து திருகி, பூட்டி, மறுபடி மாட்டி வெச்சேன். நாலே நிமிசம். கை பழக்கம். ஆட்டம் சுத்தமாப் போச்சு. சாப்பிட்டுட்டு வந்தா, தலையைத் துடைச்சா, "பல்லடத்துல பார்க்கலாங்க"ன்னுட்டு ஏறிப் போயிட்டா.

திரும்பி வர்ற ரோடு உடுமலை வரைக்கும் மேக்கே பார்த்துங்க. ஆனி மாசத்துக் காத்து உங்களுக்குத் தெரியாததா, ஆளையே பின்னாடி தள்ளும். அவ காத்துன்னுதான் நெனச்சிருக்கா. கூட வந்தவங்க ஒவ்வொருத்தராத் தாண்டிப் போறாங்களாமா. மிதிக்கறாளாமா, மிதிக்கறாளாமா, வண்டி நகர மாட்டேங்குதாமா. பழனி தாண்டி ரோட்டோரமா உக்காந்து அழுதிருக்கா. காத்துக்கு மட்டும் இல்லை, "வயசாயிருச்சு, நம்ம காலுல வலு போயிருச்சு, இது தெரியாம ஆசைப்பட்டுட்டோம்"னு அழுதிருக்கா. இதெல்லாம் கூட வந்த பொண்ணு எங்கிட்டச் சொன்னது. அந்தப் பொண்ணுதான் உடுமலைகிட்ட வர்றப்ப சந்தேகப்பட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பார்த்திருக்குது. ஒரு சுத்துலயே நின்னு போச்சாமா. மெல்லிசு ஸ்பேனர் யாருகிட்டயும் இல்லை. ரோட்டோரத்துல ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்ல சாதா ஸ்பேனரைச் சாணையில தேய்ச்சு மெல்லிசாக்கி, கோனைத் தளர்த்தி விட்டிருக்காங்க. அதுல முக்கா மணி நேரம் போச்சு.

அதுக்கப்புறம் பறந்து வந்திருக்கா. நான் பல்லடத்துல நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன். ஆறரை ஆச்சு. மேசையை மடக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆறு நாப்பத்தொண்ணுக்கு வந்தா. பதினோரு நிமிசங்க. அங்க இருந்தவங்க கை தட்டுனாங்க. மெடல் குடுக்கலை, குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. "சரிங்க"ன்னா. எங்கிட்டச் சொல்ற மாதிரியேதான், "சரிங்க"ன்னா.

வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்கலை. நாலு நாள், அஞ்சு நாள். நான் அவ வாயையே பார்த்துக்கிட்டிருக்கேன். கேட்டுட்டாத் தேவலைன்னு ஆயிருச்சு. போன ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு வெளிய வர்றேன், அவ வாசல்ல பழைய சாக்கை விரிச்சுப் பின் சக்கரத்தைக் கழட்டி வெச்சு உக்காந்திருக்கா. புது ஸ்பேனர் வாங்கியிருக்கா. கிரீஸ் டப்பா, குண்டு, எல்லாம் வரிசையா வெச்சிருக்கா.

"எத்தனை குண்டு போடணும்னு தெரியுமா?"ன்னேன்.

"ஒம்பது"ன்னா, நிமிந்து பார்க்காம.

நான் நின்னேன். "அன்னைக்கு ஒட்டன்சத்திரத்துல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"பார்த்தேனுங்க"ன்னா. "மண்டபத்துக்குள்ள இருந்து பார்த்துட்டேன். நீங்க சக்கரத்தைக் கழட்டறீங்கன்னு தெரிஞ்சது. இத்தனை தூரம் பஸ்ல வந்திருக்காரு, நாலு மாசம் அதோடயே கெடந்தவரு, ஒருக்காத் தொட்டுப் பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன். கோனைத் திருகியிருப்பீங்கன்னு உடுமலை வரைக்கும் தோணவே இல்லை. கமருதீன் சொன்ன கணக்கு உங்களுக்குப் புடிபடலை, நல்லதுன்னு நெனச்சுத்தானே இறுக்குனீங்க. உடுங்க. மாசியில இன்னொரு ரைடு இருக்குது."

இப்பச் சொல்லுங்க. யாரு மேல தப்பு?

என்ன பார்க்கறீங்க? நல்லதுன்னு நெனச்சுத்தான் இறுக்குனேன்னு நீங்களும் நெனச்சுக்கிட்டீங்களாக்கும். கமருதீன் கடையில இருந்து வந்தனே, அன்னைக்கே, அவ பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை விளையாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்த நேரத்துல, அதே சக்கரத்துல டயல் கேஜை வெச்சுப் பார்த்தேங்க. லீவரைத் திறந்து ஒரு தடவை, பூட்டி ஒரு தடவை. அமுங்குச்சு. அவன் சொன்ன மாதிரியே அமுங்குச்சு. மூணு தடவை வெச்சுப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்துல கோனைத் திருகறப்ப, மாட்டுனா அது கடிக்கும்னு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும்.

ஏன் பண்ணுனேன்னு கேக்காதீங்க. கமருதீன்னு சொன்னா பாருங்க, அதுக்கான்னா, அதுக்கும்தான். அவ என்னைத் தாண்டிச் சிரிச்சுக்கிட்டுப் போனா பாருங்க, அதுக்கான்னா... தெரியலீங்க. உங்ககிட்டத்தான் சொல்றேன். நீங்க தாராபுரத்துல எறங்கிப் போயிருவீங்க.

அவகிட்டச் சொல்லலை. சொல்ல வாயைத் திறந்தேன். அவ கையெல்லாம் கிரீஸு. குண்டை ஒவ்வொண்ணா எடுத்துக் கிண்ணத்துல வெச்சுக்கிட்டே, "ஏனுங்க, சும்மாத்தானே நிக்கறீங்க, கொடியில கெடக்கற அந்தத் துணியை எடுங்க"ன்னா.

எடுத்துக் குடுத்தேன்.